அறுபது அடி வயர்

அறுபது அடி நீளத்துக்கு வயர் இழுத்தாலும் இணையத்தின் வேகம் குறையாது. இது பலருக்குத் தெரியாது, ஃபாதர். வைஃபை என்றால் இரண்டு சுவர் தாண்டியதும் சோர்ந்துவிடும். விளையாட்டுக்கு அது ஆகாது. வயர்தான் வேண்டும்.

கிளாட்சனின் முப்பதாம் நாள் பூசையில் வாசிக்க ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். "கூடப் பொறந்த அண்ணன் மாதிரி இருந்தவன் நீதான் கிளமென்ட், நீயே எழுது" என்றீர்கள். மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். அவனுடைய நல்ல குணத்தில் தொடங்கினாலும் சரி, ஞானஸ்நானத்தில் தொடங்கினாலும் சரி, பேனா வயருக்குத்தான் வந்து நிற்கிறது. ஆகவே அதிலேயே தொடங்கிவிட்டேன். எதை வாசிப்பது, எதை விடுவது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மனை உங்களுக்குத் தெரியும். முன்வீட்டில் அம்மாவும் நானும். கொல்லைப் பக்கத்து வீட்டில் சகாயம்மாள் சித்தியும் அவர் மகன் கிளாட்சனும். சித்தப்பா லூர்துராஜ் இறந்தபோது அவனுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். நான்தான் என் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்து, என் இணைப்பிலிருந்து அவனுக்கும் வயர் இழுத்துவிட்டேன். ஒரு சுருள் போதவில்லை. இரண்டு துண்டை ஒட்டுப்போட்டு, அந்த ஒட்டை எங்கள் மொட்டைமாடி இரும்புக் குழாயில் கட்டினேன். மழை படாமல் இருக்கத் தண்ணீர் பாட்டிலை அறுத்து மேலே கவிழ்த்தேன். கொல்லையில் உள்ள போர்வெல் மோட்டாருக்குப் போகும் கரண்ட் வயரும் அதே குழாய் வழியாகத்தான் போகிறது. காற்றடித்தால் ஒட்டு தளரும். மேலே போய் ஓர் அசைப்பு அசைத்தால் சரியாகிவிடும்.

இணையப் பெட்டி என் அறையில் இருக்கிறது. எந்தக் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு வேகம் என்று அதில் பங்கு பிரிக்கலாம். ஆளுக்குப் பாதி என்று வைத்தேன். ஆறு வருஷமும் பாதிக்குப் பாதிதான். இதை நீங்கள் தாராளமாகப் பூசையில் வாசிக்கலாம்.

எங்கள் நிலமும் அப்படித்தான், ஒரே வாய்க்கால். தலைமடை எங்களுடையது, கடைமடை அவர்களுடையது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் எங்கள் பக்கம் யாரும் தலைமடைக்காரனிடம் போய்க் கேட்பதில்லை. கேட்டால், நீ அடைத்தாயா என்று கேட்டதாகிவிடும். பங்காளிக்குள் அந்தச் சொல் விழுந்துவிட்டால் பிறகு நல்லது கெட்டதுக்குக்கூடப் போக்குவரத்து இருக்காது. அதனால் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலோடு மேலே நடப்பார்கள். கோரை அடைத்திருக்கிறதா, நண்டு வளை போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வருவார்கள். தலைமடைக்காரன் எதிர்ப்பட்டால், "சாப்டாச்சா?" என்பார்கள்.

கிளாட்சன் வயரையும் வாய்க்காலாகத்தான் நினைத்தான். ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட என் அறைக்கு வந்து இணையம் வரவில்லை என்று சொன்னதில்லை. வெளிப்படியில் ஏறி எங்கள் மாடிக்கு வருவான். ஒட்டை அசைப்பான். போய்விடுவான். வீட்டைச் சுற்றி அவன் செருப்பே போடமாட்டான். அந்த வெறுங்கால் சத்தம் என் தலைக்கு மேல் கேட்கும்.

இருவர் ஜோடியாக ஆடும் துப்பாக்கிச் சண்டை அது. அவன் ஓடிப்போய்ச் சுடுவான். நான் ஓரிடத்தில் பதுங்கி, எதிராளி தானாக வரும்வரை காத்திருப்பேன். என்னிடம் ஆட்டம் கற்றுக்கொண்டவன், இரண்டே வருஷத்தில் என்னைவிட நன்றாக ஆடினான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. உரக்கடையில் நாள் முழுக்க மூட்டை எண்ணிவிட்டு வருகிறவனுக்கு, காதுக்குள் "அண்ணே, எடது பக்கம், எடது பக்கம்" என்று ஒரு குரல் கேட்பது போதும். எனக்குக் கல்யாணம் அமையவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் குரல்தான் எனக்கு வீடு.

அக்டோபரில் சென்னைக் குழு ஒன்று எங்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு இருவரையும் தேர்வுக்குக் கூப்பிட்டது. தேர்வானால் சம்பளம், தங்க இடம், எல்லாம். இரண்டு வாரம் கழித்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. 'குடும்பப் பொறுப்புகளால் தங்களால் தொடர இயலாது என்று தங்கள் தம்பி தெரிவித்தார். தங்கள் முடிவை மதிக்கிறோம்.' அவ்வளவுதான். கடையில் நின்றுகொண்டு படித்தேன். யூரியா மூட்டைகளுக்குப் பின்னால் போய் அழுதேன். முப்பத்தொரு வயது ஆள் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைத்துவிட்டான். அதையும் என் வாயால் சொன்னதாகச் சொல்லி உதைத்திருக்கிறான்.

அன்று சாயங்காலமே அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன்.

"சென்னைக்காரங்க எதாச்சும் சொன்னாங்களாடா?"

"இல்லண்ணே." முகத்தைப் பார்க்கவில்லை. "ஞாயித்துக்கெழம ஆவட்டும்ணே. நானே சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை என்ன என்பதைச் சித்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "நாலு மணிக்குக் கடைசி ஆட்டமாமே. ஜெயிச்சா சென்னைதானாம். நீயும்தானேப்பா போற?" என்று கேட்டார். ஆமாம் சித்தி என்றேன்.

மறுநாள் வியாழக்கிழமை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோது மாடியில் அந்த இரும்புக் குழாயில் என் கை பட்டது. சுரீர் என்றது. மோட்டார் வயர் உரசி உரசித் தோல் உரிந்து, செம்பு குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் உதறிக்கொண்டு தப்பினேன். மோட்டாரை நிறுத்திவிட்டுத் தொட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை. கீழே வந்து அம்மாவிடம், "அந்தக் கொழாய்ல துணி காயப்போடாதம்மா, கரண்டு அடிக்குது" என்றேன். எலெக்ட்ரீஷியன் மருதையனுக்குப் போன் செய்தேன். நாளைக்கே வருகிறேன் என்றார். அவசரமில்லை, திங்கட்கிழமை வாங்க என்றேன். கிளாட்சனிடம் சொல்ல மறந்துவிட்டேன். போலீஸ் கேட்டபோதும் இப்படித்தான் சொன்னேன். அவர்களும் எழுதிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் கிளாட்சன்தான் முதல் வாசகம் வாசித்தான். நீங்கள்கூடத் தட்டிக்கொடுத்தீர்கள். நான் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். மத்தியானம் அம்மா வைத்த மீன்குழம்பைச் சித்தி வீட்டுக்கு நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்களுக்குள் ஒரு முகமுறிவும் கிடையாது. யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

மூன்றரை மணிக்கு மோட்டாரைப் போட்டேன். தொட்டியில் தண்ணீர் இல்லை என்று அம்மா சொன்னதாகப் போலீஸில் சொல்லியிருக்கிறேன். அம்மா சொல்லவில்லை. தொட்டி நிறைந்துதான் இருந்தது. நிறைந்த தொட்டிக்கு மோட்டார் போட்டால் வழிந்து மாடி முழுக்கத் தண்ணீர் நிற்கும். எங்கள் மாடியில் வாட்டம் சரியில்லை, குழாயடியில்தான் தேங்கும்.

நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. சென்னைக் குழு ஆள் ஒருவனோடு அவன் ஜோடி சேர்ந்து ஆடியதை, எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் நேரடியாகக் காட்டினார்கள். என் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தேன். அருமையாக ஆடினான். அதை மறைக்க விரும்பவில்லை. நாலே கால் இருக்கும், அவன் பக்கத்துப் பங்கைக் குறைத்தேன். நிறுத்தவில்லை, ஃபாதர். நிறுத்தினால் கம்பெனியில் கோளாறு என்று உட்கார்ந்தே இருப்பான். குறைத்தால்தான் ஒட்டு தளர்ந்துவிட்டது என்று நினைப்பான். திரையில் அவன் ஆள் அப்படியே நின்றான்.

வெளிப்படியில் ஓடி வந்தான். தலைக்கு மேல் காலடி கேட்டது. தண்ணீரில் சளப் சளப் என்ற சத்தம். அதே நேரம் அம்மா கொல்லையிலிருந்து, "கிளமென்ட்டு, தண்ணி வழியுதுடா, மோட்டார நிப்பாட்டு" என்றார். ஸ்விட்ச் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. "இதோம்மா" என்றேன். எழுந்திருக்கவில்லை. காலடி குழாய்ப் பக்கம் போய் நின்றது. பிறகு சத்தம் வேறுமாதிரி இருந்தது. அதுவும் நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

முதலில் பங்கைப் பழையபடி பாதிக்குப் பாதி ஆக்கினேன். அப்புறம் மோட்டாரை நிறுத்தினேன். அதற்கப்புறம்தான் மாடிக்குப் போனேன்.

மறந்துவிட்டேன் என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். மறக்கவில்லை. அவனை நான்தான் கொன்றேன். ஊரில் எல்லாரும் கரண்ட் என்கிறார்கள், விதி என்கிறார்கள். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இருக்குற தெகிரியத்துலதாம்ப்பா உசுரோட இருக்கேன்" என்கிறார். சித்தியின் மருந்து மாத்திரை எல்லாம் இப்போது நான்தான் வாங்கிக் கொடுக்கிறேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

நேற்று சென்னைக் குழுவின் மேலாளர் ஹபீப் முகம்மது துக்கம் கேட்கப் போன் செய்தார். பிறகு சொன்னார்: "உங்களுக்கு வயசாயிருச்சு, வேணாம்னு முடிவு பண்ணது நாங்கதாங்க. உங்க மனசு நோகக்கூடாதுன்னு தம்பி பேரச் சொல்லி அப்படி எழுதிட்டோம். அது தெரிஞ்சதும் தம்பி எங்ககிட்ட சண்டை போட்டாரு. ஞாயித்துக்கெழம ஜெயிச்சா அண்ணனையும் எடுக்கணும், இல்லாட்டி நானும் வரலைன்னு சொல்லித்தான் அன்னிக்கி ஆட ஒக்காந்தாரு."

நன்றி சொல்லிப் போனை வைத்தேன். இராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்தேன். எனக்காகச் சண்டை போட்டிருக்கிறான், சரி. அதை என்னிடம் சொன்னானா? இல்லை. என் எதிர்காலத்தை என்னைக் கேட்காமல் அவனாகவே பேசி முடித்திருக்கிறான். பாதிக்குப் பாதி பகிர்ந்துகொண்டவர்கள் செய்கிற காரியமா இது?

அன்றைக்குக்கூட ஒன்றும் கெட்டுப்போயிருக்கவில்லை, ஃபாதர். மாடிப்படி ஏறாமல் என் அறைக் கதவைத் தட்டி, "அண்ணே, நெட் வரல" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முழு வேகத்தையும் அவனுக்கே திறந்துவிட்டிருப்பேன். அவன்தான் கடைசிவரை என்னைச் சந்தேகப்படவே இல்லை.