பாய்மரம் ஏறுகிறவன்

திருப்பதியிலிருந்து நகரி போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அக்காளும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். தம்பியின் புது மொட்டையில் சந்தனம் இன்னும் காயவில்லை.

"பாய்மரக் கப்பலுன்ற, இன்ஜினும் கீதுன்ற. அப்புறம் இன்னாத்துக்கு அவ்ளோ பாயி?"

நான் போனை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"இன்ஜின நிறுத்திட்டு காத்துல போறதுக்குத்தான்கா டூரிஸ்டுங்க வர்றதே. பாய விரிக்கிறப்போ கைதட்டுவாங்க."

"அத விரிக்க மேல யாரு ஏறுறது?"

"நாங்கதான்."

"வுழுந்துட்டா?"

"பெல்ட்டு கீதுக்கா. மேல போனதும் கொக்கிய மாட்டிக்கினுதான் வேலை செய்வோம்."

"ஏறிக்கினு போறப்போ?"

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பினான். "அப்போ மாட்ட மாட்டோம், லேட்டாவும். டூரிஸ்டுங்க ஆசைப்பட்டு ஏறினா, அவங்களுக்கு மட்டும் கீழயிருந்தே மாட்டிவுடுவோம்."

"நீ முழுசா திரும்பி வரணும்னு உன் முடிய வேண்டிக்கினு நான் இங்க கெடக்குறேன். நீ கொக்கி கூட மாட்டாம ஏறிக்கினு கீற."

"பழகிடுச்சுக்கா. கைகாலு உடையணும்னா எங்க இருந்தாலும் உடையும்."

"புத்தூர்! திகண்டி, திகண்டி!" என்று நடத்துனர் தெலுங்கில் கூவினார். அந்த ஊர் வைத்தியரிடம் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட வந்தவர்கள் இறங்க எழுந்தார்கள். கையைத் துண்டில் தொங்கவிட்டிருந்த ஒருவரை அக்காள் நிறுத்திக் கேட்டாள்.

"எங்கண்ணா வுழுந்தீங்க?"

"வீட்டு மாடிப்படிலதாம்மா."

"பாத்தியா?" தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அக்காள் சிரிக்கவில்லை.

"அவரு பஸ் புடிச்சு கட்டுப் போட வந்துட்டாரு. உனக்கு நடுக்கடல்ல எங்கடா புத்தூரு?"