படகுக்காரியின் கடைசி மூன்று நிமிடம்

அவைக்கு அணியாக அமர்ந்திருக்கும் தலைவர் ஐயா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, வீட்டு வேலையை முடித்துவிட்டும், முடியாததை அப்படியே போட்டுவிட்டும் வந்திருக்கும் தாய்மார்களே, சுவரில் சாய்ந்தும் படியில் குந்தியும் இருக்கிற என் தொழிலாளத் தோழர்களே, இந்த அரங்கத்தின் மேலாளர் அவர்களே! ஆம், உங்களையும் சேர்த்துத்தான் அழைக்கிறேன். அனைவருக்கும் என் வணக்கம்.

படகுக்காரி நாடகத்தின் சிறப்புக் காட்சியைச் சிறப்பாக நடத்திக் கொடுத்த அரங்கத்தாரைப் பாராட்டிப் பேச, பழைய ரசிகன் என்ற முறையில் எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறீர்கள். நான் சரக்கு யார்டில் வெல்டிங் வேலை பார்ப்பவன். பற்றவைப்பதுதான் என் பிழைப்பு. இங்கேயும் எதையாவது பற்றவைத்துவிடுவேனோ என்று மேலாளர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்கட்டும்! கைதட்டாதீர்கள் அம்மா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

மூன்றாம் வரிசையில், நடைபாதை ஓரமாக, கறுப்புக் கண்ணாடி போட்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் யார்டில் கிரேன் ஓட்டியவர். உயரத்திலேயே உட்கார்ந்து வேலை செய்ததால் அவருக்கு ‘மாடி’ என்று பெயர். பக்கத்தில் இருப்பவர் கீழே நின்று அவருக்குச் சிக்னல் சொன்னவர். வாய் ஓயாது, அதனால் ‘ரேடியோ’. அடுக்கி வைத்த பெட்டிகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மேலே இருப்பவருக்குத் தெரியாது. கீழே இருப்பவர் வாக்கி டாக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பார், அதை நம்பித்தான் பத்து டன் இறங்கும். யார்டில் ஒரே சட்டம்: குரல் நின்றால் கிரேன் நிற்க வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தக் குரலை நம்பி அந்தக் கை வேலை செய்தது. ஒருவர் கால் விரல்கூட நசுங்கியதில்லை!

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாடிக்குப் பார்வை போய்விட்டது. நாங்கள் மூவரும் பதினோரு முறை பார்த்த நாடகம் இது. இனி இவரை எப்படி அழைத்துப் போவது என்று நான் தயங்கினேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

“என்னப்பா புதுசா கவலைப்படுற? நான் எப்பப்பா கண்ணால பாத்து வேலை செஞ்சேன்? இவன் சொல்லித்தானே செஞ்சேன். நாடகத்தையும் சொல்லட்டும்.”

சொன்னார், ஐயா! ரேடியோ சொன்னார்! காதோடு காதாகச் சொன்னார். “இடது பக்கமா வர்றா மாடி… ரெண்டு மீட்டர்… ஒரு மீட்டர்… நின்னுட்டா. கையில துடுப்பு. இறக்குறா… மெல்ல… மெல்ல… தரையில வெச்சுட்டா.” ஒரு பெண்ணின் துயரத்தை மீட்டர் கணக்கில் சொன்ன மனிதரை நீங்கள் கண்டதுண்டா? நான் கண்டேன். கேட்ட மாடியின் கன்னத்தில் கண்ணீரையும் கண்டேன்.

அப்படியிருக்கும்போதுதான் சிறப்புக் காட்சி என்று சுவரொட்டி ஒட்டினார்கள். அந்த ஒருநாள் மட்டும் புதிய முடிவு, அதிலும் கடைசி மூன்று நிமிடம் பாட்டில்லை, பேச்சில்லை, நாயகி ஒருத்தி மட்டும் மேடையில் என்றார்கள். மாடி புதுச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். வந்து உட்கார்ந்தால் அறிவிப்பு: ஒலிப்பதிவு நடக்கிறது, முழு அமைதி காக்கவும். காத்தோம். ரேடியோ குரலைக் கொசுவின் குரலாக்கிக்கொண்டார்.

இங்கே ஒரு தவறு நடந்தது. மறைக்க மாட்டேன். புயல் காட்சியில் படகு மேலிருந்து கயிற்றில் இறங்கும், உங்களுக்குத் தெரியும். சிறப்புக் காட்சி அல்லவா, சிறப்பாக வேகமாக இறக்கினார்கள். படகின் மூக்கு ஒரு பக்கம் சரிந்தது. கீழே நாயகி நிற்கிறார். சுமை சரிகிறது, கீழே ஆள்! ரேடியோ என்ன செய்வார்? அடிவயிற்றிலிருந்து, “நிறுத்து!” என்றார்.

நின்றது ஐயா, நின்றது! மேலே கயிறு பிடித்தவர் நிறுத்தினார். பாட்டு நின்றது. பக்கவாத்தியம் நின்றது. பக்கத்தில் பார்க்கிறேன், முழங்காலில் அசைந்துகொண்டிருந்த மாடியின் கையும் நின்றுவிட்டது. சிரியுங்கள், சிரியுங்கள். அன்றும் அரங்கமே சிரித்தது. ஐந்தாறு நொடியில் படகு இறங்கியது, பாட்டு தொடர்ந்தது. எங்கள் தவறுதான். ரேடியோ கூனிக் குறுகிப்போனார்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்தது என்ன? ஒரு காவலர் வந்து டார்ச் அடித்தார். யார் கண்ணில்? மாடியின் கண்ணில்! முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் சொன்னதும் மாடி சிரித்தார். “என் மூஞ்சியிலயா அடிக்கிறாங்க? பாவம், பேட்டரியை மிச்சம் பிடிக்கச் சொல்லு.” பின்னாலேயே மேலாளர் வந்தார். “புகார் வந்திருக்கு. மூணு பேரும் வெளியில வாங்க.”

கேட்கிறேன்! பாட்டு பாதியில் இருக்கும்போது பரிவாரத்தோடு வந்து, எட்டு பேரை எழுப்பி உட்கார்ந்த பெரிய மனிதரை வெளியே அனுப்பினீர்களா? நான்காம் வரிசையில் ஒருவர் கைப்பேசி பாடிய பாட்டை முழுதாகக் கேட்டோமே, அவரை அனுப்பினீர்களா? கத்தியது ரேடியோ. வாயே திறக்காத மாடியை எந்தக் குற்றத்துக்காக எழுப்பினீர்கள்? கேட்டதா குற்றம்? கண் இல்லாததா குற்றம்? காது இருந்ததா குற்றம்?

தலைவர் மணியடிக்கிறார். அடிங்க ஐயா, கேட்கிறது. இன்னும் கொஞ்சம்தான்.

வெளியே வந்து நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். கதவைச் சாத்திவிட்டார்கள். மேலாளர் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார். உள்ளே பாட்டு கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அந்த மூன்று நிமிடம் தொடங்கிவிட்டது. மாடி தலையைத் திருப்பாமல் கேட்டார்:

“ரேடியோ, இப்ப என்ன நடக்குது?”

“தெரியலையே மாடி.”

இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை! மாடி எழுந்து நின்றுவிட்டார். எங்கே போவது என்று தெரியாமல் நின்றார். உள்ளே கைதட்டல் கூரையைத் தூக்கியது. என் நெஞ்சு வெந்துபோயிற்று, தாய்மார்களே. இப்போது சொல்லும்போதும் வேகிறது.

நாடகக் குழு மறுநாளே ஊரை விட்டுப் போய்விட்டது. அந்த முடிவு இனி மேடை ஏறாதாம். பார்த்தவர்களிடம் கேட்டோம். ஒவ்வொருவரிடமும் ஒரே பதில். “அதெல்லாம் சொன்னா புரியாதுங்க, பாத்தாத்தான் புரியும்.” யாரிடம் சொல்கிறார்கள், ஐயா, யாரிடம்! மேலாளரையும் கேட்டேன். கதவைக் காத்ததில் அவரும் பார்க்கவில்லையாம்!

இதோடு விட்டார்களா? இன்று நுழைவாயிலில் ஒரு பலகை தொங்குகிறது. வரும்போது படித்திருப்பீர்கள். ‘காட்சியின்போது விளக்கம் சொல்வோருக்கும், விளக்கம் தேவைப்படுவோருக்கும் அனுமதி இல்லை.’ அச்சடித்து, சட்டம் போட்டு, ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்கள். ஓரமாக நான்கு இருக்கை ஒதுக்க இடமில்லை, பலகை மாட்டச் சுவர் இருக்கிறது! அந்தப் பலகையைக் கழற்றாமல் இந்த அரங்கத்தைப் பாராட்ட என் நாக்கு எழாது, எழாது, எழவே எழாது!

புகார், புகார் என்கிறாரே மேலாளர், யார் அந்தப் புகார்க்காரர்? அப்படி ஒருவர் உண்டா? ஒரு குருடரின் காதில் விழுந்த சொல்லைப் பொறுக்காத அந்தக் கல்நெஞ்சுக்காரர் இங்கே இருந்தால் கையைத் தூக்கட்டும்! தூக்கட்டும் பார்ப்போம்!

…

யாரது? ஏழாம் வரிசையா? அம்மா, நீங்களா?

உட்காராதீர்கள், நில்லுங்கள். யாரும் சத்தம் போடக் கூடாது. கையைத் தூக்கியவரைக் கத்தி உட்கார வைப்பது நமக்கு அழகா? சொல்லுங்கள் அம்மா. பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம், அம்மா சொன்னதை அப்படியே சொல்கிறேன். “முன்னாடி ரெண்டு பேரு பேசிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் ஒருத்தர் கத்தினாரு. குடிச்சிருக்காங்கன்னு நெனச்சேன். அவருக்குக் கண்ணு தெரியாதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. அந்தக் கடைசி காட்சி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் சொல்றேன்.”

கல்நெஞ்சு என்று சொன்னதை இந்த மேடையிலேயே திரும்பப் பெறுகிறேன் அம்மா. மேலாளரைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெற மாட்டேன்!

வாங்க அம்மா. வழி விடுங்கள். ரேடியோ எழுந்து இடம் கொடுக்கிறார். ரேடியோ, நீங்களும் பக்கத்திலேயே நில்லுங்கள், நீங்களும்தான் அதைப் பார்க்கவில்லை. அம்மா, அழகாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்காதீர்கள். எந்தப் பக்கமிருந்து வந்தாள், எத்தனை அடி நடந்தாள், கையில் என்ன இருந்தது, எங்கே நின்றாள், அது போதும். நடுவில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

மைக் வேண்டாம் தம்பி, அவரிடம் நீட்டாதே. காதோரமாகவே சொல்லட்டும். இந்த மண்டபத்தில், இந்த மேலாளர் பார்த்துக்கொண்டிருக்க, மூன்று நிமிடம் ஒருவர் காதில் ஒருவர் பேசட்டும். அதுவரை முழு அமைதி காக்கும்படி பெரியோர்களையும் தாய்மார்களையும் கேட்டுக்கொள்கிறேன். மேலாளர் அவர்களே, நீங்களும்.

பொறுத்துக் கேட்ட அனைவருக்கும் நன்றி. வணக்கம். ஆரம்பியுங்கள் அம்மா.