ஜீப்புக்குப் பின்னால

கேட்டியா நெவில், மறுபடியும் கர்ருன்னு கியரை அரைக்கிறான். நம்ம பழைய பட்டாளத்துக்காரங்க சங்கச் செயலாளரோட மாப்பிள்ளையாம், பல் டாக்டராம். கியர்ல இருக்கற பல்லையும் பிடுங்காம விடமாட்டான் போல. பாவம், உள்ள உக்காந்திருக்கற க்ளாரி. கொரியாவுல சண்டை போட்டு முழுசாத் திரும்பின மனுஷன், இந்த டவுன்ஸ்வில் கடற்கரை ரோட்டுல குலுங்கியே போய்ச் சேர்ந்துடுவாரு. நான் ஓட்டினப்போ மடியில டீக்கோப்பையோட உக்காந்து வருவாரு, ஒரு சொட்டு சிந்தாது.

வருஷா வருஷம் ஆஸ்திரேலியச் சிப்பாய்களை நினைக்கற இந்த அன்சாக் நாள் ஊர்வலத்துல அந்த ஸ்டியரிங் என் கையிலதான். நடக்க முடியாதவங்கள ஏத்திக்கிட்டு நான் முன்னால போவேன். இப்பப் பாரு, இந்த முட்டியை வச்சுக்கிட்டு ஜீப்புக்குப் பின்னால நடக்கறேன்.

ஏன் ஓட்டலன்னு கேக்கமாட்டியா? வியட்நாம் காட்டுல பேசக்கூடாதுன்னு உத்தரவு, அங்ககூட நீ கண்ணால பேசுவ. சரி, நானே சொல்றேன். ஊருக்கெல்லாம் கண்ணுல புரைன்னு சொல்லி வச்சிருக்கேன். புரையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.

தூங்க ஒரு மாத்திரை, முழிக்க ஒரு மாத்திரை, அது ரெண்டும் வயித்தைப் புண்ணாக்காம இருக்க இன்னொண்ணு... பேத்தி 'தாத்தா'ன்னு கூப்பிட்டா, யாரையோ கூப்பிடுதுன்னு மரக்கட்டையாட்டம் உக்காந்திருப்பேன். எங்க வீட்டுக்காரி ஜாய்ஸ்தான் வேற டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போனா. அவர் எழுதிக் குடுத்தாரு... அதேதான். கஞ்சா எண்ணெய். நாக்குக்கு அடியில சொட்டுச் சொட்டா. எல்லாருக்கும் கேக்குமோ என்னமோ, எனக்குக் கேட்டுது. போன வாரம் அவ தட்டைக் கீழ போட்டு உடைச்சா, நான் குண்டுன்னு நெனைச்சு மேசைக்கு அடியில பாயல. குனிஞ்சு பொறுக்கிக் குடுத்தேன். அழுதுட்டா. தட்டுக்காக இல்ல.

ஆனா வண்டி ஓட்ட முடியுமா? டாக்டர் சீட்டே இருந்தாலும், போலீஸ் எச்சிலைத் தொட்டுப் பாத்தா லைசென்ஸ் போச்சு. சட்டம், ஒத்துக்கறேன். சும்மா ஏறி உக்காரலாமே? அதுக்குத்தான் நம்ம சங்கத்துல ஒரு விதி இருக்கே, எண்ணெய்க்காரன் ஜீப்புல ஏறவே கூடாதுன்னு. எந்த மடையன்டா அதைப் போட்டான்...

தெரியும்டா. அப்படிப் பாக்காத.

நீ எண்ணெய்க்கு மாறிட்டன்னு தெரிஞ்சதும் நான்தானே கூட்டத்துல எழுந்து நின்னேன். 'கஞ்சா கேஸோட ஒரே வண்டியில போனா மெடலுக்கே அசிங்கம்'னு கத்தி, எல்லாரையும் கை தூக்க வச்சேன். அதுவரைக்கும் முன் சீட்டு உன்னோடது. அதுக்கப்புறம் கண்ணாடியில பாப்பேன், குண்டு பட்ட இடுப்போட நொண்டி நொண்டி வருவ. நடிக்கிறான்னு நெனைச்சேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியுது.

புரைக்காரனா கமுக்கமா ஏறி உக்காந்திருக்கலாம், சீட்டு காலியாத்தான் இருக்கு. நீ கீழ நடக்கறப்ப ஏற மனசு வரல. அடுத்த கூட்டத்துல அந்த விதியை நானே எடுக்கச் சொல்றேன், ஏன்னும் சொல்லிடறேன். சிரிக்கறவன் சிரிக்கட்டும்.

கொஞ்சம் மெதுவாப் போடா, முட்டி...

என்ன, கையை நீட்டற? நீயே ஆடிக்கிட்டு வர, இதுல நான் வேற தொங்கணுமா?

சரி, குடு.