இரண்டாவது பொட்டலம்

சிங்காநல்லூரில் புறப்பட்ட உடுமலை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். சின்னவள்தான் ஆரம்பித்தாள்.

"ஏனுங்க்கா, கோயில்ல பூ கேட்டப்பச் சேப்புதான வந்துச்சு? அப்பறம் எப்படிப் புள்ளையக் காலேஜுல சேத்துனீங்க?"

எங்கள் பக்கத்தில் எந்தக் காரியத்துக்கும் சாமி முன்னால் இரண்டு பூப்பொட்டலம் வைத்து ஒன்றை எடுப்பார்கள். வெள்ளைப் பூ வந்தால் சாமிக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் கூடாது.

பெரியவள் குரலைத் தாழ்த்தவே இல்லை.

"சேப்புதான் வந்துச்சு அம்மணி. பூசாரி இன்னொரு பொட்டலத்தை எடுத்துட்டு உள்ள போகப் பாத்தாரு. நான் புடுங்கிப் பிரிச்சுப்போட்டேன். அதுலயும் சேப்பு!"

"அய்யோ! ஆருங்க கட்டுனது?"

"எங்கண்ணன்தான். அவரு பையனுக்கு எம்புள்ளையக் கட்டி வெக்கோணுமாமா. படிக்கப் போனா அது நடக்காதில்ல?"

"இருந்தாலும் சாமி கோவிச்சுக்காதுங்களா?"

"கோவிக்கறதா இருந்தா, அது பேரைச் சொல்லி ஏமாத்துனவங்களை மொதல்ல கோவிக்கட்டும். நான் பொட்டலத்தைத்தான பிரிச்சேன்?"

பெரியவளே தொடர்ந்தாள்.

"போன வாரம் அண்ணன் தோட்டத்துல போர் போடறதுக்குப் பூ கேக்கோணும்னாரு. இந்தத் தடவ பொட்டலம் நான் கட்டறேன்னு சொன்னேன். அடுத்த நாளே, பூவே கேக்காம, போர் லாரியக் கொண்டாந்து நிறுத்திப்போட்டாரு."