டாக்டர் சொன்னதும் நான் சொன்னதும்

உன் அம்மா காமுவுக்கு இங்கே வந்து முப்பத்தெட்டு வருடமாகியும் பெங்காலி வரவில்லை. டாக்குரியா மார்க்கெட்டில் கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டி "கொத்தோ" என்று விலை கேட்பாள். பதில் வந்ததும் என் முகத்தைப் பார்ப்பாள். இங்கிலீஷும் அப்படித்தான். இந்த ஊர் அவளிடம் எதைச் சொன்னாலும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது, ஜெயபிரகாஷ். உன்னிடம் மறைப்பானேன்.

மூன்று வருடம் முன்பு காமுவின் கழுத்துக் கழலையை எடுத்தார்களே, அது சாதாரணக் கட்டி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததிலும் ஒன்றுமில்லை. தைராய்டில் பாதியை எடுத்து, வழக்கப்படி பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்துப் போனபோது டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரித்தார். கட்டிக்குள் புற்றுநோய் இருந்தது. ரத்தக் குழாய்க்குள்ளும் போயிருந்தது. மீதிப் பாதியையும் எடுத்து அயோடின் மருந்து கொடுத்தால் குணமாகிவிடும், தள்ளிப்போடக் கூடாது என்று பெங்காலியில் பொறுமையாகச் சொன்னார்.

"ஏன்னா, என்ன சொல்றார்?" என்றாள் காமு.

"ஒண்ணுமில்லையாம். மாத்திரையை விடாம போட்டுக்கச் சொல்றார்."

அவள் டாக்டரைப் பார்த்துக் கைகூப்பிச் சிரித்தாள். இப்படித் தைரியமான பேஷண்டைப் பார்த்ததில்லை என்றார் அவர். அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.

இன்னொரு ஆபரேஷன் என்றால் சென்னையில்தான் என்று நீ சொல்லியிருந்தாய். அங்கே வந்தால் அவள் திரும்ப மாட்டாள். உன் மகள் சாதனா பிறந்தபோது ஒரு மாதம் என்று வந்தவள் பதினொரு மாதம் இருந்தாள். நான் இங்கே பொரியும் ஊறுகாயுமாகக் கிடந்தேன். துறைமுகத்தில் கப்பல்களுக்கு இடம் ஒதுக்கியவனுக்கு ஒரு ரசம் வைக்கத் தெரியாது. உன் வீட்டு சோபாவில் ஓரமாக உட்கார்ந்திருக்கவும் எனக்கு இஷ்டமில்லை.

அடுத்த மாதம் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். துர்கா பூஜை வந்தது, போயிற்று. பிறகு, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாளே என்று பயந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. சென்னையில் வைத்தியம் நடக்கிறது என்று சொன்னேன். அதன்பின் அவர்கள் கூப்பிடவில்லை.

இடுப்பு வலிக்கிறது என்றாள். தினமும் தைலம் தேய்த்துவிட்டேன். போன வாரம் நாற்காலியிலிருந்து எழுந்தபோதே தொடை எலும்பு முறிந்தது. எலும்பெல்லாம் புற்றுநோய் பரவிவிட்டது என்கிறார்கள். இனி யாராலும் ஒன்றும் செய்ய முடியாதாம். அதனால்தான் உன்னைப் புறப்பட்டு வரச் சொன்னேன்.

அன்றே சொல்லியிருந்தால் குணமாகியிருக்கும். தெரிந்துதான் மறைத்தேன். ஆனாலும் நீ என்னை இப்படிப் பார்க்காதே. இந்த மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட அவளை நான் தனியாக விட்டதில்லை.