‘எங்களைப் பற்றி’ என்றொரு பக்கம்

— அப்போ எங்க ஊர்ல கரண்ட் போனா இந்தக் கடையும் இருட்டாயிடுமா? அத மொதல்ல சொல்லு, மோல்திர் கண்ணு.

— ஆகாது அபாய். சைட்டு இருக்கற கம்ப்யூட்டர் வேற ஊர்ல இருக்கு. உங்க வீட்ல விளக்கே எரியலன்னாலும் அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கும்.

— வேற ஊர்லயா? என் தேன் கடை எந்த ஊர்ல இருக்குன்னு எனக்கே தெரியாதா? ஓய்பாய்! தௌரேன், கேட்டியாடா இந்தக் கூத்த?

— கேட்டேம்மா. நம்ம ஊரு கத்தோன்லேர்ந்து இங்க வர்ற ஆறு மணி நேரமும் கேட்டுட்டேதான வந்தேன். வழி பூரா என்னைக் குடைஞ்ச கேள்வியெல்லாம் இப்ப அவளக் குடையற.

— உனக்கு ஒண்ணுக்காவது பதில் தெரிஞ்சுதா? நீ வண்டி ஓட்ட வந்தவன். ஓட்டிட்ட. பேசாம உக்காந்து மானிட்டரப் பாரு. மானிட்டருக்குப் பக்கத்துல பாக்காத.

— நான் ஒண்ணும் பாக்கல.

— பாக்கற. பெத்தவளுக்குத் தெரியாதா? வர்ற வெள்ளிக்கிழமை நானே இவ வீட்டுக்குப் போய், இவ காதுல கம்மலப் போட்டு, இவதான் என் மருமகள்னு நாலு பேர் முன்னாடி சொல்லப்போறேன். ஊர்ல பெரிய பொம்பளைங்களக் கூப்பிடற மாதிரி ‘அபாய்’ங்கறவ அன்னிலேர்ந்து ‘அம்மா’ம்பா. அதுக்கப்புறம் கண்ணு வலிக்க வலிக்கப் பாரு. இப்ப இது வியாபாரம். சொல்லு கண்ணு, வெலைய நானே மாத்திக்கலாமா, ஒவ்வொரு தடவையும் உன்னைக் கூப்பிடணுமா?

— நீங்களே மாத்திக்கலாம். ஃபோன்லயே. இதோ, இங்க தொட்டா எண்ணு மாறும்.

— நான் தூங்கிட்டிருக்கறப்ப?

— நீங்க தூங்கறப்பவும் ஆர்டர் வரும்.

— தூங்கறப்ப வியாபாரம்! ஓய்பாய்! இருபத்தஞ்சு வருஷமா வேகாத வெயில்ல பாட்டிலோட ரோட்டோரம் நின்னேனே, யாராவது இதச் சொன்னீங்களா? சரி. கூகுள்ல தேன்னு அடிச்சா நான்தான மொதல்ல வரணும்? அந்தப் போட்டிக்காரி வாலெந்தினாவுக்கு முன்னாடி?

— மொதல் நாளே வர மாட்டீங்க. ஆறு மாசம்கூட ஆகலாம். யார் கேட்டாலும் இதத்தான் சொல்வேன் அபாய், இல்லாதத சொல்லி ஏமாத்தத் தெரியாது எனக்கு.

— அவ சைட்டுல ஒரு தேனீ பறக்குது. என்னோடதுல ரெண்டு பறக்கணும்.

— பறந்தா பக்கம் திறக்கறதுக்கே நேரம் ஆகும். வாங்க வந்தவங்க எழுந்து போயிடுவாங்க.

— அப்போ ஒண்ணு. ஆனா அவளோடதவிட பெரிசு.

— அம்மா, அவ தேனீயே வேணாங்கறா.

— நீ வாய மூடு. இவ வேணாம்னு சொல்லல, யோசிக்கறா. என்ன கண்ணு?

— யோசிக்கறேன் அபாய். தேனீய அப்புறம் பாத்துக்கலாம், ‘எங்களைப் பற்றி’ பக்கம்தான் காலியாக் கெடக்கு. பழைய படம் கேட்டிருந்தேனே, கெடச்சுதா? பேர் தெரியாத கடையில வாங்க வர்றவங்க மொதல்ல அங்கதான் போய் பாப்பாங்க, யாரு இவங்க, நம்பலாமான்னு.

— கெடச்சுதாவா! தௌரேன், அந்தக் கவர எடு. மடக்காதடா! மேல எழுத வேண்டியத நான் மனப்பாடமா வெச்சிருக்கேன். ‘1929 முதல். நாலு தலைமுறையாத் தேன்’. வாலெந்தினா மூணு தலைமுறைதான் போட்டிருக்கா.

— நாலு தலைமுறையா? தௌரேன், நீ சொன்னதே இல்லையே.

— எனக்கே போன வாரம்தான் தெரியும். அப்பாவோட தாத்தாவாம். பெட்டிக்கு அடியில கெடந்துச்சாம். இத்தனை வருஷமா அந்தப் பெட்டி மேலதான் நான் தூங்கியிருக்கேன்.

— அடியில துணிக்குள்ள சுத்தி வெச்சிருந்தேன். உனக்கு எங்க தெரியப்போவுது? ஒரு கேள்வி கண்ணு. ஸ்கேன் பண்ணா படம் கெட்டுப்போகுமா? அந்த வெளிச்சம் பட்டு மங்கிடாதே?

— ஒரு தடவை பட்டா ஒண்ணும் ஆகாது.

— ஃபோன்ல எடுத்தா பத்தாதா?

— பெரிசாக்கினா உடைஞ்சிடும். இதுல எடுத்தா அவர் சட்டைப் பொத்தானக்கூட எண்ணலாம். குடுங்க, கண்ணாடி மேல கவுத்து வெக்கறேன்.

— கவுத்தா? பெரிய மனுஷன முகங்குப்புறவா படுக்க வெப்பாங்க? மன்னிச்சுக்கோங்க தாத்தா, எல்லாம் உங்க பேரப்புள்ளைங்களுக்குத்தான். ம், வெச்சிடு.

— மூடிய மூடிட்டேன். நிமிஷத்துல வந்துடும்.

— அதுக்குள்ள ஒண்ணு சொல்லிடறேன். உன் பெரியப்பா இருக்காரே தௌரேன், மறுபடியும் ஃபோன் பண்ணி ஆரம்பிச்சுட்டாரு. பொண்ணுக்கு ஏழு பாட்டன் பேரு தெரியுமான்னு. ஏழு தலைமுறைக்குள்ள ஒரே ரத்தமா இருந்தா கட்டக்கூடாதே, அப்படி இருந்துட்டா என்ன பண்ணுவ, அநாதை ஆசிரமத்துல வளந்தவரோட பேத்தியாச்சே, யாரு கண்டான்னு.

— நீ என்ன சொன்ன?

— என்ன சொல்றது? இவ்ளோ பெரிய நாட்டுல நம்ம ரத்தம்தான் அங்க போய் நின்னுச்சாக்கும்னு கேட்டேன். ஃபோன வெச்சுட்டாரு. நீ மனசுல வெச்சுக்காத கண்ணு. எத்தனை பாட்டன் பேரு தெரியலன்னாலும் நீ என் வீட்டுக்கு வர்றவ.

— எனக்கு எங்க தாத்தாவுக்கு மேல ஒரு பாட்டன் பேருகூடத் தெரியாது அபாய். எங்க தாத்தாவுக்கே அவர் அப்பா பேரு தெரியாது. பஞ்ச காலத்துல, அஞ்சு வயசுல, ஆசிரமத்து வாசல்ல விட்டுட்டுப் போயிட்டாங்க. கோட்டுக்குள்ள வெச்சுத் தெச்ச பாதிப் படம் ஒண்ணுதான் அவர்கிட்ட இருந்துச்சு... இதோ, படம் வருது.

— அழகா வருதே! ஓய்பாய், அந்த மீசையப் பாரேன்! தொப்பியப் பாரேன்! இப்படி ஒரு ஆளு விக்கற தேன யாரு வேணாம்பாங்க? தௌரேன், உன் மூக்குதான்டா அது. அப்படியே உன் மூக்கு. பக்கத்துல நிக்கறது அவர் சம்சாரம்... என்ன கண்ணு, ஏன் எழுந்துட்ட?

— மோல்திர்?

— ஒரு நிமிஷம். ஒரே நிமிஷம். என் ஃபோன் எங்க? தௌரேன், என் ஃபோனக் குடு!

— இந்தா. யாருக்குப் பேசப்போற?

— இதப் பாரு. எங்க வீட்டு டிவிக்கு மேல மாட்டியிருக்கே, தாத்தாவோட பாதிப் படம். நான் ஃபோன்ல எடுத்து வெச்சது. இதையும் பாரு, அதையும் பாரு.

— அதே தொப்பி.

— தொப்பி மட்டுமா? மூணாவது பொத்தான் இல்ல. இங்கயும் இல்ல. சங்கிலி அதே பக்கம். பின்னாடி தொங்கற துணியில அதே கிழிசல். ரெண்டும் ஒரே படம்! எங்களோடது நடுவுல கிழிஞ்சது. தோள் மேல ஒரு கை மட்டும் இருக்கும், ஆளு இருக்காது. தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் அந்தக் கையப் பாத்துட்டே இருந்தாரு அபாய். யார் கைடா இது, யார் கைடா இதுன்னு என்னைத்தான் கேப்பாரு.

— இந்த அம்மாவோட கை.

— அவங்க அம்மாவோட கை! பாருங்க, மோதிரம்கூட அதேதான். எங்க தாத்தாவப் பெத்த அம்மாவோட முகத்த நான் இப்பத்தான் பாக்கறேன். எங்க வம்சத்துல வேற யாரும் பாத்ததில்ல. அபாய், உங்களுக்கு என்ன வேணும் கேளுங்க, தேனீ பறக்கணுமா, பத்து தேனீ பறக்க விடறேன்! எங்க ஆளுங்க கெடச்சுட்டாங்க! தாத்தா ஊர் ஊரா, ஆபீஸ் ஆபீஸா எழுதிப் போட்டாரே, கத்தோன்லயே, உங்க வீட்டுப் பெட்டிக்கு அடியிலயே இருந்திருக்காங்க! நாமெல்லாம் ஒரே...

— மோல்திர்.

— ஒரே குடும்பம்.

— உக்காரு மோல்திர்.

— எங்க தாத்தாவோட அப்பா. உன் அப்பாவோட தாத்தா. தௌரேன், அப்போ என் தாத்தாவும் உன் தாத்தாவும் கூடப்பொறந்தவங்க.

— ஏழுல்ல, மூணாவது தலைமுறையிலயே முட்டுது.

— அட, என்னடா ரெண்டு பேரும் செத்த வீடு மாதிரி! அந்தக் காலத்துல எல்லா ஆம்பளையும் இந்த மாதிரிதான் இருப்பான். மீசை, தொப்பி, மொறைப்பு. உங்க தாத்தாவோட அப்பா வேற யாராவது இருப்பாரு கண்ணு.

— பொத்தான்கூட ஒரே மாதிரியா விழும் அபாய்? படம் ஒண்ணு. ஆளும் ஒண்ணு.

— நீதானம்மா சொன்ன, மூக்கு என் மூக்குன்னு!

— மூக்கு ஆயிரம் பேருக்கு இருக்கும்டா! ஒருவேளை... ஒருவேளை அவரு பக்கத்து வீட்டுக்காரரா இருக்கலாம். சேர்ந்து படம் எடுத்திருப்பாங்க, எடுத்தவங்க வீட்ல ஒண்ணு, எங்க வீட்ல ஒண்ணு.

— போன வாரம் அப்பாவோட தாத்தான்ன. அடுப்படியில உக்காந்து அரை மணி நேரம் அவர் கதையச் சொன்ன. மொத தேன் பெட்டிய தோள்ல தூக்கிட்டு மலையேறினாருன்ன. இப்ப பக்கத்து வீட்டுக்காரர்ங்கற?

— வயசாச்சு. மறந்திருப்பேன்.

— இதுல சண்டை எதுக்கு? பெரியப்பாவுக்கு இந்தப் படத்த அனுப்பறேன். அவரோட சொந்தத் தாத்தா, அவருக்கு அடையாளம் தெரியாதா? மோல்திர், ஸ்கேன் பண்ணத என் ஃபோனுக்கு அனுப்பு.

— அனுப்பிட்டேன்.

— அனுப்பாத! தௌரேன், ஃபோனக் கீழ வை! அவருக்கு எதுக்கு இதெல்லாம்? அவருக்குக் கண்ணு தெரியாது!

— போன மாசம்தான ஓநாய் சுட்டாரு?

— ஓநாய் பெரிசு!

— அம்மா, வெளையாடற நேரமா இது? அஞ்சு நாள்ல வெள்ளிக்கிழமை. நாங்க உறவா இல்லையான்னு எனக்கு இப்பவே தெரியணும்.

— அவர எதுக்குக் கேக்கற தௌரேன்? விடு. அவரு ஆமாம்னு சொல்றத நான் ஃபோன்ல கேக்க வேண்டாம். எனக்கே கண்ணு தெரியுது.

— அப்படிச் சொல்லாத.

— வேற எப்படிச் சொல்றது? அபாய், உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீங்க இந்தப் படத்தக் கொண்டு வராம இருந்திருந்தா அந்தக் கை யார் கைன்னு எனக்குச் சாகற வரைக்கும் தெரிஞ்சிருக்காது. சைட்டு ரெண்டு நாள்ல முடிச்சுடறேன். ‘எங்களைப் பற்றி’ல பெரியவர மேல போடறேன், கீழ உங்க வரி, 1929 முதல். நல்லா இருக்கும். ஆனா வெள்ளிக்கிழமை கம்மல் கொண்டு வராதீங்க. உறவுக்காரங்களா வாங்க. டீ குடிச்சுட்டுப் போங்க.

— ஐயோ, அப்படிச் சொல்லாத கண்ணு.

— எனக்கு மட்டும் சொல்ல ஆசையா அபாய்? ரெண்டு வருஷமா இவன எனக்குத் தெரியும். கத்தோன்லேர்ந்து மாசம் ரெண்டு தடவை வருவான், எதுக்குன்னு கேட்டா பாட்டில் மூடி வாங்க வந்தேம்பான். எங்க கடைவீதியில மூடி வாங்கி வாங்கியே என்னைக் கட்டிக்கறேன்னு சொன்னவன். இப்ப அவன அண்ணான்னு கூப்பிடணும்.

— அம்மா, நான் பெரியப்பாவக் கூப்பிடறேன். போவுது, மணி அடிக்குது.

— நிறுத்துடா! அத நிறுத்துன்னு சொல்றேன்ல! குடு இங்க!

— ஃபோனப் புடுங்கறயா? என்னம்மா ஆச்சு உனக்கு?

— நிறுத்திட்டேன். ரெண்டு பேரும் என்னைப் பாக்காதீங்க. அந்தச் சுவத்தப் பாத்துட்டே கேளுங்க, இல்லன்னா எனக்கு வாய் வராது. உன் அப்பா போனப்ப எனக்கு இருந்தது மூணு தேன் பெட்டி. அதுவும் கடனுக்கு. உன் அப்பாவும் சரி, அவரப் பெத்தவங்களும் சரி, ஒருத்தரும் ஒரு தேனீயத் தொட்டதில்ல. அந்த வாலெந்தினா தாத்தா, கொள்ளுத்தாத்தான்னு வரிசையா படம் போட்டிருக்கா. எனக்குப் போட என்ன இருக்கு? ரோட்டோரம் பாட்டிலோட நின்ன ஒரு பொம்பளை. அத யாருடா மதிப்பா?

— அப்போ 1929?

— அது அந்தப் படத்து ஓரத்துல போட்டிருந்துச்சு.

— எந்தப் பெட்டிக்கு அடியில இருந்த படத்துல?

— பெட்டியும் இல்ல, அடியும் இல்ல. போன ஞாயித்துக்கிழமை இங்க வந்தப்ப, பாலத்துக்குக் கீழ பழைய சாமான் விக்கறவன்கிட்ட ரெண்டு பாட்டில் தேனக் குடுத்துட்டு வாங்கிட்டு வந்தேன். அவரு யாருன்னே எனக்குத் தெரியாது.

— அம்மா!

— அப்போ இவன் மூக்கு, அபாய்?

— உன் மூக்கு என் அப்பன் மூக்குடா, மண்டு! அழாத கண்ணு, சிரிக்கவும் சிரிக்காத, அதுக்கெல்லாம் நேரம் இல்ல. எழுந்து கோட்ட மாட்டு. அவன்கிட்ட இந்த மனுஷன் குடும்பத்து ஆல்பம் முழுசா இருந்துச்சு, படத்துக்குப் படம் பின்னாடி பேரெல்லாம் எழுதி. எனக்கு ஒரு மீசைதான் வேணும்னு இந்த ஒண்ண மட்டும் உருவிட்டு வந்துட்டேன், பாவி நான். தௌரேன், வண்டிய எடு! மூணு மணிக்கு அவன் கடையக் கட்டிடுவான், என் மருமகளோட ஏழு பாட்டனும் அங்க தரையில கெடக்கறாங்க!