கதிருக்கு என்ன நட்சத்திரம்?

அண்ணாமலையார் கோயில் அர்ச்சனை வரிசையில், எனக்கு முன்னால் நின்ற பச்சைப் புடவைக்காரம்மா பக்கத்திலிருந்த பெண்ணிடம் திடீரென்று கேட்டார்.

“ஏங்க, டிவி ஷோல அந்த வீட்டுக்குள்ள இருக்கானே கதிரு, அவனுக்கு என்ன நட்சத்திரம்?”

“எதுக்குங்க?”

“அவன் பேருக்குத்தான் அர்ச்சனை. நாளைக்கு ஃபைனலாச்சே! அவன் எப்போ எழுந்துப்பான், எதுக்கு அழுவான், எல்லாம் தெரியும். இதுதான் தெரியல.”

“சுவாதி. அவங்கம்மா உள்ள வந்தப்போ சொன்னாங்களே!”

“ஐயோ, அன்னிக்குப் பாத்து கரென்ட் போயிடுச்சு. நல்லா இருப்பீங்க! நீங்களும் கதிர் கட்சியா?”

“நானா? அவன் தோத்து மீனா ஜெயிக்கணும்னு தட்டு வாங்கிட்டு வந்திருக்கேன்.”

“அப்புறம் ஏன் சொன்னீங்க?”

“அதுக்காக சாமிகிட்ட நட்சத்திரம் தப்பா போவலாமா?”

இரண்டு தட்டுகளும் சிரிப்பில் குலுங்கின.